சேலையோடு மலைக்குப் போன சனிக்கிழமை

1

இந்த நாட்டில் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகிவிட்டால் பெற்றோரிடமிருந்து முதலில் பறிபோவது கடிதம் திறக்கும் உரிமை. நாங்கள் புல் வெட்டுகிற வீடு, நாங்கள் வாங்கிப் பூட்டிய கடிதப்பெட்டி. ஆனால் உறையில் மகளின் பெயர் இருந்தால் தொடக்கூடாதாம். நான் தொட்டேன். தொட்டது மட்டுமல்ல, குசினிக் கத்தியால் கிழித்தும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த நேரம். முதியோர் இல்லத்தில் எட்டு மணித்தியாலம் ஆட்களைத் தூக்கி இருத்தி, குளிக்க வார்த்து, சாப்பாட்டை வாயில் தீத்திவிட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்றவும் தெம்பு இருக்காது. நின்றபடியே வாசித்தேன். மருந்தாளர் படிப்பில் மகள் ஆரணி எடுத்த ஒரு வருட விடுப்பு முடிகிறது. முன்பு அனுப்பிய மின்னஞ்சல் எதற்கும் அவள் பதில் போடவில்லை. ஆகவே திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் இந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்து, தானோ வேறொருவர் மூலமோ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். படிவத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று, திரும்பி வருகிறேன். மற்றது, விலகுகிறேன். விலகினால் முடித்த மூன்று வருடப் பாடங்களும் அவள் பெயரில் இருக்கும், பிறகு எப்போதாவது தொடரலாம். ஒன்றுமே கொடுக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், படித்தது அத்தனையும் போகும்.

பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் அடித்துக் கேட்டேன். தேன் தடவிய குரலில் ஒரு பிள்ளை, மாணவியின் அனுமதி இல்லாமல் அவர் எங்களிடம் படிக்கிறாரா என்பதைக்கூட உறுதிப்படுத்த முடியாது என்றாள். நான்தான் அவளைப் பெற்றேன் என்றேன். அதையும் அவளால் உறுதிப்படுத்த முடியவில்லை.

ஆரணிக்கு அடித்தேன். வழமைபோல, நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார். கடைசிக் குறுஞ்செய்தி எட்டு நாளைக்கு முந்தியது: ‘கூமாவுக்கு மேலே வந்துவிட்டோம். சிக்னல் இல்லை. நல்லா இருக்கிறேன். லவ் யூ.’

2

ஆரணி எங்களுடைய ஒரே பிள்ளை. போன வருடம் பயிற்சிக்காக மலையடிவார ஊரான கூமாவில் ஒரு மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே ஜூன் என்று ஒரு வெள்ளைக்கார மனிசி முட்டுவலிக்கு மருந்து வாங்க வருவாவாம். ஜூனுக்கும் அவ புருஷன் கோலினுக்கும் அறுபது தாண்டிய வயது. முந்நூறு ஆடு இருக்கிறது, ஒரு சாண் நிலம் இல்லை. மேலே பனிமலைப் பக்கம் பண்ணைக்காரரின் சரிவுகளில் பிளாக்பெரி முட்பற்றை மண்டிவிட்டால் மருந்து அடிப்பதற்குப் பதில் இவர்களைக் கூப்பிடுவார்கள். ஆடுகள் பற்றையைத் தின்று முடிக்கும்வரை அங்கே இருப்பது, பிறகு அடுத்த பண்ணை. குளிருக்குக் கீழே, வெயிலுக்கு மேலே. ஒரு கரவன் வண்டிதான் வீடு வாசல் எல்லாம். ஒரு வார விடுமுறையில் ஆடு பார்க்கப் போன என் மகள் அப்படியே அவர்களோடு நின்றுவிட்டாள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம். இங்கே நாங்கள் இருக்கிற பென்டில் ஹில் தமிழ்க் கடையில் யாராவது “ஆரணி படிச்சு முடிச்சிட்டாவோ?” என்று கேட்டால், “ஓம், கன்ட்ரிப் பக்கம் ட்ரெய்னிங்” என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைத் தெரிந்தெடுக்கத் தொடங்கிவிடுவேன். தெரிந்த முகம் கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்புகிறவளாக ஒரு வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

வெட்கம் மட்டுமென்றால் தாங்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி, கிளிநொச்சி, அக்கராயன், மல்லாவி என்று ஏழு இடம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினவள் நான். அகதி முகாமில் கூரைத் தகரத்துக்கு வரிசையில் நின்றவள். இந்த நாட்டுக்கு வந்து நானும் இவரும் மாறி மாறி இரவு பகல் வேலை செய்து நாலு செங்கல் சுவருக்குள் ஒரு பிள்ளையை வளர்த்தது, அவள் தானாக விரும்பி ஆடுகளுக்குப் பின்னால் இடம்பெயர்வதற்கா?

3

சனிக்கிழமை தெரிந்த குடும்பம் ஒன்றில் பிறந்தநாள் விழா. மண்டபம் எடுத்துச் செய்கிறார்கள். நான் நாற்பது மட்டன் ரோல்ஸ் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். காலையில் பொரித்து, பெரிய அலுமினியத் தட்டில் அடுக்கி, காஞ்சிபுரம் கட்டி, காரில் ஏறினேன். கைப்பைக்குள் அந்தக் கடிதம். மண்டபத்துக்குத் திரும்புகிற சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது.

அந்த விளக்கில் நிற்கும்போதுதான் நினைத்தேன். இன்றைக்கு இருபது பேர் ஆரணியைப் பற்றிக் கேட்பார்கள், நான் இருபது பொய் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அந்தப் பொய்யையும் சொல்ல முடியாமல் போய்விடும்.

“திரும்பாதேங்கோ. நேர விடுங்கோ” என்றேன்.

இவர் பஸ் ஓட்டுகிறவர். பாதை மாற்றச் சொன்னால் காரணம் கேட்கிற பழக்கம் உண்டு. “எங்கயப்பா?”

“கூமாவுக்கு.”

“இப்பயோ?”

“பின்ன எப்ப? திங்கட்கிழமைக்குப் பிறகோ?”

“ரோல்ஸ்?”

“அதுவும் வரட்டும்.”

விளக்கு பச்சையாகியது. இவர் நேரே விட்டார். இவரிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான், சொன்னால் கேட்டுவிடுவார்.

ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். கூமாவில் பெட்ரோல் அடிக்க நின்ற இடத்தில் ஆட்டுக்காரரை விசாரித்தோம். அந்தப் பெடியன் என் சேலையை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்துவிட்டு, போன கிழமை இன்ன பண்ணையில் இருந்தார்கள் என்று வழி சொன்னான். போய்ப் பார்த்தால் அங்கே ஆளும் இல்லை, ஆடும் இல்லை. இலை ஒன்று மிச்சமில்லாமல் மொட்டையான முள்ளுத் தண்டுகளும் புழுக்கையும்தான். பண்ணைக்காரர் கையை மேலே காட்டினார். இன்னும் உயரத்துக்கு ஏறினோம். மொட்டைப் பற்றை தெரிந்தால் போகிற வழி சரி என்று இவர் கண்டுபிடித்தார். ஐப்பசி முடிகிற நேரம், இங்கே அது வசந்தம். ஆனாலும் உச்சிகளில் பனி கோடு கோடாகக் கிடந்தது. காதை அறுக்கிற குளிர். எனக்குக் கால் விறைத்துவிட்டது. செருப்போடு வந்த என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

4

முதலில் ஒரு பெரிய வெள்ளை நாய் வந்தது. அதற்குப் பின்னால் என் மகள் வந்தாள். ஆண்கள் போடுகிற சப்பாத்து, கிழிந்த ஜக்கெட், வெயிலில் உரிந்த மூக்கு. என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“அம்மா? யாராவது செத்துப் போயிட்டினமோ?”

திடீரென்று வந்து நின்றால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன நினைக்கத் தோன்றும். இல்லை என்றேன். அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். ஆட்டு வாடை. நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். மெலிந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன், தோள் உருண்டு திரண்டிருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் தேத்தண்ணி போட்டுத் தந்தா. வெறுங்கையோடு வரவில்லை என்று காட்டத் தட்டைத் திறந்து நீட்டியபிறகுதான் எனக்கு உறைத்தது. பென்டில் ஹில் கடையில் மட்டன் என்றால் ஆடுதான். சுற்றிவர முந்நூறு ஆடு நிற்கிறது. ஒன்று என் முந்தானையைச் சப்பிப் பார்க்கிறது. கோலின் ஒரே வாயில் ஒரு ரோல்ஸை முடித்துவிட்டு, அருமை, என்ன இறைச்சி என்று கேட்டார். நான் நெற்றியில் விபூதியோடு, கண்ணை மூடிக்கொண்டு, “பீஃப்” என்றேன்.

இவர் இருமினார். ஆரணி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அம்மா, நாங்களே கிடாய்க்குட்டியளை இறைச்சிக்குத்தான் விக்கிறம்” என்றாள். அதை அவள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, கோலின் இன்னொரு ரோல்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எங்களுடைய பிள்ளையாக இருந்தாலும் இருக்கும்” என்றார். அவர் மொத்தம் ஆறு சாப்பிட்டார்.

ஆனால் நாங்கள் போனது இடம் மாற்றும் நாள். இந்தச் சரிவு முடிந்துவிட்டது, இருட்டுவதற்குள் மந்தையை மலைமுதுகுக்கு அந்தப் பக்கம் இறக்க வேண்டும். மின்சாரம் ஓடும் வலைவேலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை எடுக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை. சும்மா நிற்கத் தெரியாததால் கரவனுக்குள் ஏறிச் சாமான் கட்டத் தொடங்கினேன். பாரமானது கீழே. மாவும் சீனியும் தண்ணி படாத நடுவில். கேத்தில், நெருப்புப்பெட்டி, ஒரு சட்டி, ஆளுக்கொரு போர்வை கடைசியாக, வாசல் ஓரம். போய் இறங்கினதும் முதலில் கை வைக்கப்போவது அதில்தான். ஜூன் கதவடியில் நின்று பார்த்தா. அவ அரை நாள் எடுக்கிற வேலையை நான் அரை மணித்தியாலத்தில் முடித்திருந்தேன்.

“இதை முதலும் செய்திருக்கிறாய்” என்றா.

ஓம் என்றேன். அதற்கு மேல் சொல்ல ஆங்கிலமும் காணாது, மனமும் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் ஒரு மாதிரிச் சந்தோஷமாகவும் இருந்தது. பின்னால் எவனும் சுடாமல் ஒரு வீட்டைக் கட்டி ஏற்றுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

5

கால் கழுவப் போன இடத்தில்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

கரவன் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் கீழே, நெடும்புல்லுக்குள், விழுந்த மரத்தோடு ஒட்டி ஒரு ஆட்டுக்குட்டி. பிறந்து இரண்டு நாள் இருக்கும். தனியே சுருண்டு கிடந்தது. கத்தவும் இல்லை, அசையவும் இல்லை. தாயைச் சுற்றிவரத் தேடினேன், காணவில்லை. மந்தை வெளிக்கிடப் போகிறது, பாவம் இதை விட்டுவிட்டுப் போய்விடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அள்ளி முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஆரணியின் முகம் மாறியது. “எங்க எடுத்தனீங்கள்?”

“கீழ. தனியக் கிடந்தது.”

“தனியக் கிடக்கேல்லை அம்மா. அதின்ர தாய் வைச்சிட்டுப் போனவ.”

ஆடு அப்படித்தானாம். குட்டியைப் பத்திரமான புல்லுக்குள் ஒளித்துவிட்டு மேயப் போகும். குட்டியும் தாய் வரும்வரை மூச்சுக் காட்டாது. பால் சுரந்ததும், மந்தை வெளிக்கிட்டாலும், தாய் வைத்த இடத்துக்கே திரும்பி வரும், வேறு இடத்தில் தேடாது. அங்கே குட்டி இல்லை என்றால் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நின்று கத்தும். கத்திக் களைத்த பிறகு சிலது குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சேர்க்காதாம். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து ஒரு ஆடு அடித்தொண்டையில் கத்துவது கேட்டது.

மந்தை காத்திருக்க முடியாது. ஜூனும் கோலினும் நாய்களோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். கரவன் பூட்டிய வண்டியை இவர் ஓட்டினார். பஸ்காரனுக்குக் கேட்கவா வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஏறிக்கொண்டார். நானும் மகளும் குட்டியோடு கீழே இறங்கினோம். மரத்தடியில் நான் எடுத்த அதே பள்ளத்தில் அவள் குட்டியை வைத்தாள். என் சேலை வாடை போகட்டும் என்று புல்லைப் பிடுங்கி அதன்மேல் தேய்த்தாள். “இனித் தூரப் போகோணும். நாங்கள் நிண்டால் அவ வரமாட்டா.”

நன்றாகத் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் போய் இருந்தோம். அவள் தன் ஜக்கெட்டை எனக்குப் போர்த்திவிட்டாள். கடிதத்தை நான் அப்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். திறந்திருப்பதைப் பார்த்தாள். வாசித்தாள்.

“மூண்டு வருசம் படிச்சிட்டாய். இன்னும் ஒரு வருசம். அதை முடிச்சுப்போட்டு ஆடு மேய், மாடு மேய், நான் ஏனெண்டு கேக்கமாட்டன்.”

அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். முக்கியமான விஷயம் என்றால் பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள், நாங்கள் பின்னால் நொண்டிக்கொண்டு போக வேண்டும். மருந்துக்கடையில் தான் நாள் முழுவதும் பெட்டிக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இரவில் கண்ணை மூடினாலும் அந்தப் பெயர்கள்தான் ஓடும், நெஞ்சு அடைக்கும், விடிந்தால் குளியலறையில் இருந்து அழுதுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன் என்றாள். இங்கே வந்த பிறகு நித்திரை வருகிறதாம்.

“ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் பட்டதுக்கு முன்னால இதெல்லாம் என்ன எண்டு நினைச்சன்.” இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் பட்டதை நான் அவளுக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஆனால் அது வீடு முழுக்க நிரம்பி, அவள் கவலைப்படக்கூட இடமில்லாமல் செய்திருக்கிறது. கீழே அந்த ஆடு கத்திக்கொண்டே இருந்தது. மரத்தடிக்குக் கிட்ட வரும், எங்கள் பக்கம் பார்க்கும், திரும்பிப் போகும்.

அப்போது சொன்னேன். யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்ட நாள். எனக்குப் பதினைந்து வயது. மழை, அசைய முடியாத சனம். அம்மா சனத்துக்குள் பின்னால் பிரிந்துவிட்டா. அப்பா என்னை ஒரு மதகடியில் சைக்கிளோடு நிறுத்தி, “இதிலயே நில், நான் வந்து கூட்டிப்போறன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அயல் வீட்டுச் சரசு மாமி கண்டுவிட்டா. குமர்ப்பிள்ளை தனியே நிற்கிறதோ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் பிடித்து, தன் பிள்ளைகளுக்கு முதல் எனக்குச் சாப்பாடு தந்தா. அப்பா அம்மாவைக் கண்டுபிடித்து வந்தபோது மதகடியில் நான் இல்லை. இரண்டு நாள் அவர் அந்த மதகை விட்டு அசையவில்லையாம். குண்டு விழுந்தும் அசையவில்லையாம். ஆறாம் நாள்தான் என்னைக் கண்டார்.

“தாத்தா என்ன சொன்னவர்?”

“எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. சரசு மாமியோட சாகுமட்டும் கதைக்கேல்லை.”

“அவ நல்லதுதானே செய்தவ.”

“ஓம். நல்லதுதான் செய்தவ.”

ஆரணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை மரக்கட்டை மாதிரிக் காய்த்திருந்தது. என் கையும் அப்படித்தான்.

வெயில் சரிந்தபோது தாய் ஆடு கடைசியாக வந்தது. பள்ளத்துக்குள் மூக்கை விட்டது. நீண்ட நேரம் முகர்ந்து பார்த்தது. ஒருமுறை முட்டித் தள்ளியது. ஆரணியின் விரல்கள் என் கையை நசுக்கின. பிறகு ஆடு காலை அகட்டி நின்றது, குட்டியின் வால் துடிக்கத் தொடங்கியது.

ஆரணி என் கைப்பையில் பேனை எடுத்து, முழங்காலில் வைத்து, இரண்டாவது பெட்டியில் புள்ளடி போட்டாள். விலகுகிறேன். கையெழுத்து வைத்தாள். “ஒரேயடியா இல்லை அம்மா. இப்ப ஏலாது. நீங்களே கொண்டுபோய்க் குடுப்பீங்களோ?”

நான் படிவத்தை வாங்கி உறைக்குள் வைத்துவிட்டு, சரி என்றேன்.

6

தாயையும் குட்டியையும் மந்தையோடு சேர்த்துவிட்டுத் திரும்பினோம், பாதி வழியில் கோல்பர்ன் தாண்டினோம். அங்கேதான் இவர் மெதுவாகக் கேட்டார். “மற்றப் பெட்டியில நாங்கள் புள்ளடி போட்டால் என்ன? ஆருக்குத் தெரியும்?”

நான் அதைக் கூமாவிலேயே யோசித்துவிட்டேன். திருத்துகிற வெள்ளை மை எங்கே வாங்கலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன். “பேசாமல் ஓட்டுங்கோ” என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ரயிலெடுத்துப் போனேன். இலக்கம் எடுத்து, கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்து, யன்னலடிக்குப் போனால் ஆரணியின் வயதில் ஒரு பெடியன். படிவத்தைப் பார்த்தான். முகவரி எழுதவில்லையே என்றான். பார்த்தேன், உண்மைதான். அடுத்த கிழமை எங்கே நிற்பாள் என்று அவளுக்கே தெரியாதபோது எதை எழுதுவாள்? முகவரி இல்லாவிட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது என்றான். நான் பேனை வாங்கி எங்கள் பென்டில் ஹில் முகவரியை எழுதினேன்.

“இங்கேயா இருக்கிறார்?”

“இல்லை.”

“அவர் இருக்கிற இடத்தைத்தான் எழுத வேண்டும்.”

அவனுக்குப் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் பழகின பொய்தான், நாக்கு நுனியில் நின்றது. ஆனால் களைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் மலையில் ஆடுகளோடு இருக்கிறாள், இடம் மாறிக்கொண்டே இருப்பாள். இந்த முகவரி மாறாது. அவளுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் அவள் இங்கேதான் வருவாள்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டச்சுச் செய்தான். பிறகு, இந்த முகவரி எதுவரை செல்லுபடியாகும் என்று கேட்டான். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறதாம்.

“நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்குமட்டும்” என்றேன்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அவன் முத்திரை குத்தினான்.